பணக்கார சிங்கப்பூரில் ஏன் இத்தனை மணி நேர வேலை, இவ்வளவுதான் சம்பளம்?

“சிங்கப்பூர் பணக்கார நாடுதானே, அங்கே ஏன் 12 மணி நேரம் வேலை வாங்கிவிட்டுக் கம்மியாகக் கொடுக்கிறார்கள்?” என்று ஜொகூர் மாநிலத்தின் கூலாய் தோட்டத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நாட்டு வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்லும் தொகை யார் பையிலும் அப்படியே விழாது தம்பி. வெளிநாட்டுக் கம்பெனிகள் அங்கே சம்பாதிக்கும் லாபமும் அதில் சேர்த்தி. நம் மலேசியாவில் 2025 முதல் இருக்கும் 1,700 ரிங்கிட் மாதிரி, எல்லாருக்குமான குறைந்தபட்ச சம்பளச் சட்டம் அங்கே கிடையாது. துப்புரவு, பாதுகாவல் போன்ற சில துறைகளுக்குப் படிப்படியான சம்பள முறை உண்டு. அதுவும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை பர்மிட்டில் போகிற நம் ஆளுக்கு இல்லை.

சூட்சுமமே சம்பளச் சீட்டில்தான். சாதாரணத் தொழிலாளிக்குச் சட்டப்படி வாரம் 44 மணி நேரம், மேலே போனால் ஒன்றரை மடங்கு. ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. அதனால் சில முதலாளிகள் அடிப்படையைச் சின்னதாக்கி, மீதியை அலவன்சு என்று பிரித்துப் போடுவார்கள். ஓ.டி. (ஓவர்டைம்) செய்யாவிட்டால் கட்டுபடியாகாது. பர்மிட்டும் முதலாளியோடு கட்டப்பட்டது. முறைத்துக்கொண்டு கிளம்புவது லேசில்லை.

பின்னே ஏன் போகிறார்கள்? ஒரு சிங்கப்பூர் வெள்ளியை மாற்றினால் சுமார் மூன்று ரிங்கிட். விடியுமுன் மழைக்கோட்டோடு சிங்கப்பூர் போகும் ஜொகூர் பாலத்தில் மோட்டார் வரிசையில் நிற்பது அதற்குத்தான். (அந்த நேரத்துக்கு எவனும் காசு தருவதில்லை.) நீங்கள் போவதானால் அடிப்படை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். ஏஜண்டு மொத்தத் தொகையைச் சொல்லிப் பேச்சை மாற்றப் பார்ப்பார், விடாதீர்கள்.