கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்ட சிறுமி

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஒரு செவிலியர். எங்கள் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் வருகிற விடுமுறையில் கம்போடியாவுக்கு ஊழியத்துக்குப் போகிறோம். சியெம் ரீப் அருகே ஓர் அநாதை இல்லத்தில் பத்து நாள், பிறகு பக்கத்துக் கிராமங்களில் நான்கு நாள். திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்று யாக்கோபு நிருபத்தில் வாசித்த நாள் முதல் மனதில் இருக்கும் ஆசை இது. இத்தகைய பயணங்கள் உங்களுக்கு உடன்பாடில்லை என்று தோழி சொன்னாள். அன்பு காட்டுவதில் என்ன தவறு?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அன்பு காட்டுவதில் தவறே இல்லை. ஆனால் அந்தப் பத்து நாளைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

நானும் அப்படிப் போனவன்தான், அதே நாட்டுக்கு. வேனிலிருந்து இறங்கியதும் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஓடி வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். அன்று முதல் என்னை விட்டு அவள் நகரவில்லை. இவ்வளவு பாசமான பிள்ளையா என்று நெகிழ்ந்துபோனேன். புறப்படும் நாளில் நான் அழுதேன். எங்கள் வேன் வாசலைத் தாண்டும்போது அடுத்த குழுவின் வேன் உள்ளே வந்தது. திரும்பிப் பார்த்தேன். முதலில் இறங்கியவரின் கையைப் பிடித்து, அவருடைய கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பாசம் என்று நினைத்தது என் அறியாமை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு ஒன்று, அநாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் வந்து அழைத்தால், இல்லங்களில் வளர்ந்த குழந்தைகளில் பலர் தயங்காமல் கிளம்பிவிட்டார்கள். தாயின் கைக்குள் வளரும் குழந்தை முதலில் பின்வாங்கும், தாயின் முகத்தைப் பார்க்கும். நிலையாக ஒருவரும் இல்லாத குழந்தைக்கு அந்த முகம் இல்லை. நாம் ஒவ்வொருவரும் பத்து நாள் கொஞ்சிவிட்டுப் போவது அந்தக் காயத்தின் மேல் இன்னொரு கீறல்.

கிளம்புவதற்கு முந்தின இரவு, சமையல் செய்த அம்மாள் சொன்ன செய்திதான் இன்றும் என்னை வாட்டுகிறது. அந்தச் சிறுமியின் தாய் உயிரோடுதான் இருக்கிறாராம். கணவனை இழந்தவர், இரண்டு மணி நேரத் தொலைவில் வயற்கூலி. படிக்க வைக்க வழியில்லாமல் கொண்டு வந்து விட்டாராம்.

அவர் கதை அபூர்வமானதல்ல. 2005 முதல் 2010 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் கம்போடியாவில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் பெருகியது என்று ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப் சொன்னது. அவற்றில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ இருந்தார்கள். பார்க்க ஆள் வந்தது, பணம் வந்தது. அதனால் இல்லங்கள் முளைத்தன, அவற்றை நிரப்பப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். வறுமையை மட்டுமே காரணம் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

நீங்கள் குறிப்பிட்ட வசனத்தை மறுபடி எடுத்து வாசியுங்கள். திக்கற்ற பிள்ளைகளோடு அது நிற்பதில்லை. அதே மூச்சில் விதவைகளையும் சொல்கிறது. நாம் பிள்ளையைத் தேடிக் கடல் கடந்து போகிறோம், வயலில் நிற்கும் அவள் தாயைக் கடந்து.

பன்னிரண்டு பேரின் விமானக் கட்டணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பள்ளிச் செலவுக்கும் ஒரு சிறு பிழைப்புக்கும் உதவினால் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளக்கூடிய தாய்மார் எத்தனை பேர்! அப்படிக் குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் உள்ளூர் அமைப்புகள் அங்கே இருக்கின்றன. போகத்தான் வேண்டும் என்றால், செவிலியராகப் போங்கள். ஒரு கிராமச் சுகாதார நிலையம் அழைத்து, அங்குள்ள செவிலியருக்குப் பயிற்சி தர, சில மாதங்கள் தங்குகிற மாதிரி, கொஞ்சம் கெமெர் மொழியும் கற்றுக்கொண்டு. அந்தக் கிராமம் உங்களை மறக்காது.

டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் குழுத் தலைவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அந்த இல்லத்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாய் இருக்கிறார்? அவர்களைத் தாயிடம் திருப்பி அனுப்ப அந்த இல்லம் இதுவரை என்ன செய்திருக்கிறது? அவர் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.