ராடை முறுக்கும் முன் டிரம்மைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் 1930ஆம் ஆண்டு ஃபோர்டு மாடல் ஏ கார் இருக்கிறது. பிரேக் பெடல் ஆழமாக இறங்குகிறதென்று பட்டறையில் காட்டியபோது, அடியிலுள்ள ராடுகளை முறுக்கிச் சுருக்கிக் கொடுத்தார்கள். இப்போது பெடல் உயர்ந்து நிற்கிறது. ஆனால் மிதித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, முன்போல நிற்பதும் இல்லை. என்ன செய்வது?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பிடிப்பு குறைந்ததற்கு ராடுகளைச் சுருக்கியதே காரணம் என்று கருதுகிறேன். ஃபோர்டு கார்கள் 1939ஆம் ஆண்டு மாடல்களில்தான் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறின. அதற்கு முந்தைய உங்கள் வண்டியில் காலின் விசை ராடுகள், நெம்புகோல்கள் வழியாகவே, சக்கரங்களோடு சுழலும் உருளைகளான நான்கு டிரம்களையும் சென்றடைகிறது. பிரேக் பிடிக்கும் நேரத்தில் நெம்புகோல் ராடுக்கு ஏறத்தாழச் செங்கோணத்தில் நின்றால்தான் அந்த விசை முழுப் பயன் தரும். டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டையான லைனிங் தேய்ந்ததால் வந்த இடைவெளியை ராடைச் சுருக்கி ஈடுகட்டினால், நெம்புகோல் மிதிப்பதற்கு முன்பே சாய்ந்துவிடுகிறது. பெடல் உயரும், பிடிப்பு குறையும்.

ஆகவே, பெடல் ஓய்வில் இருக்கும்போது எந்த நெம்புகோலும் இழுபடாதவாறு ராடுகளைப் பழைய நீளத்திற்குக் கொண்டுவாருங்கள். ராடு முனைகளிலுள்ள பின்களோ அவற்றின் துளைகளோ தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால், பின்களை மாற்றித் துளைகளையும் சரிசெய்த பிறகே மேற்கொண்டு செல்லுங்கள்.

அடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து நான்கு சக்கரங்களையும் தூக்குங்கள். தாங்கிகளைச் சட்டகத்தில் கொடுக்காமல் அச்சுகளுக்கு அடியில் கொடுக்க வேண்டும். அச்சு தொங்கினால் ராடுகளின் இழுப்பு மாறி, எடுக்கும் அளவு எதுவும் சரியாக இருக்காது. டிரம்மின் பின்தட்டில் தெரியும், லைனிங்கை டிரம்முக்கு அருகே தள்ளும் திருகின் சதுரத் தலையைச் சக்கரம் நிற்கும்வரை வலஞ்சுழியாகத் திருகி, பிறகு இலேசான உரசலுடன் சக்கரம் சுழலும் அளவுக்குப் பின்வாங்குங்கள். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால் டிரம் வட்டம் தவறியிருக்கலாம். டிராக்டர் வேலை பார்க்கும் நல்ல லேத் பட்டறையில் காட்டுங்கள்.

பின்னர், பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுத்துப் பெடலைச் சற்றே அழுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். இடமும் வலமும் ஒரே அளவு தடுக்க வேண்டும். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்குச் சற்று முன்னதாகப் பிடிக்க வேண்டும். வேறுபாடு தெரிந்தால், தளர்ந்ததை இறுக்காமல் இறுகியதைத் தளர்த்துவதே நல்லது.

அதன் பின்னும் இடப்பக்கம் இழுத்தால் வலப்பக்க டிரம்களைக் கழற்றிப் பாருங்கள். கிரீஸோ அச்சு எண்ணெயோ ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் பயனில்லை. கசிவை அடைத்துவிட்டு லைனிங்கை மாற்றுவதே வழி. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசியை ஒருபோதும் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு வாய்க்கால் கரைச் சாலை வேண்டாம். இருபுறமும் இடமுள்ள, உலர்ந்த சமதளச் சாலையில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியதும் டிரம்களுக்கு அருகே கையைக் கொண்டுசென்றால், மற்றவற்றைவிடச் சூடானது எது என்பது தெரியும். அந்தச் சக்கரத்தை ஒரு படி தளர்த்துங்கள்.

கேள்வி: ஐப்பசி மழையில் நிறுத்தி வைத்த பழைய காரின் பின்சக்கரங்கள் நகர மறுக்கின்றன. ஏன்?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஈரத்தில் துருவேறி லைனிங் டிரம்மோடு ஒட்டியிருக்கும். இன்ஜினை முடுக்கி இழுக்காமல், சக்கரத்தைக் கழற்றி டிரம்மின் விளிம்பை மரச் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். இனி மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, சக்கரங்களுக்கு இருபுறமும் மரக்கட்டை கொடுத்து வையுங்கள்.