டிராஃப்டில் பெயர் வராவிட்டால்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரியில் நான்கு வருடம் பிரமாதமாக ஆடிய பையன்கள்கூட கூடைப்பந்தின் உச்ச லீக்கான என்பிஏ-வில் இல்லாமல் அதற்குக் கீழே உள்ள ஜி லீக்கில் ஆடிக்கொண்டிருக்கிறார்களே, அது தேறாதவர்களை அனுப்பும் இடமா? – வாசகர், திருச்சி

பதில்: இல்லவே இல்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்கே முதல் டிவிஷனில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன. என்பிஏ அணிகள் வருடா வருடம் புது ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுக்கும் டிராஃப்டில் இரண்டே சுற்று, அதிகபட்சம் 60 பெயர். அதிலும் ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்குச் சில இடங்கள் போய்விடும். ஆக, டிராஃப்டில் பெயர் வராத நல்ல ஆட்டக்காரர்கள்தான் எப்போதும் அதிகம். 2001-ல் எட்டு அணிகளோடு தொடங்கி, 2005-ல் டி-லீக் ஆகி, 2017-ல் கேட்டரேட் நிறுவனத்தின் விளம்பர ஒப்பந்தத்தால் ஜி லீக் என்று பெயர் மாறிய இந்தப் போட்டியில் இப்போது 31 அணிகள். பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு என்பிஏ அணியின் சொந்தப் பிள்ளை. என்பிஏ ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஒரு கட்டத்தில் இங்கே ஆடியவர்கள்தான் என்று லீக்கே பெருமையாகச் சொல்கிறது. அந்தக் கணக்கை அப்படியே நம்பிவிட வேண்டாம், காயத்திலிருந்து மீண்டு ஒரே ஒரு ஆட்டம் ஆட வந்தவரும் அதில் சேர்த்திதான். ஆனாலும் இது மட்டமான இடம் இல்லை.

கேள்வி: டிராஃப்ட் முடிந்தது, பெயர் வரவில்லை. அடுத்து அந்தப் பையன் என்ன செய்வான்? – வாசகி, கோவை

பதில்: அடுத்த நாள் வரைக்கும் காத்திருக்க மாட்டான், அதே இரவில் அவனுடைய ஏஜெண்டின் போன் வேலை செய்யத் தொடங்கிவிடும். முதலில் ஜூலையில் லாஸ் வேகஸில் என்பிஏ அணிகள் புதுமுகங்களை ஆடவிட்டுப் பார்க்கும் சம்மர் லீக்கில் ஓர் இடம். அங்கே கண்ணில் பட்டால் இரண்டு வகை ஒப்பந்தத்தில் ஒன்று கிடைக்கலாம்.

ஒன்று, எக்ஸிபிட் 10. பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள், பெரும்பாலும் சீசன் தொடங்குமுன் விடுவித்தும் விடுவார்கள், ஆனால் அதே அணியின் ஜி லீக் கிளையில் 60 நாள் இருந்தால் ஒரு போனஸ் தொகை உண்டு. இன்னொன்று, 2017-ல் வந்த டூ-வே ஒப்பந்தம். இப்போது ஒரு அணிக்கு மூன்று பேர், ஜி லீக்கிலும் ஆடலாம், என்பிஏ-விலும் 50 ஆட்டம் வரை இறங்கலாம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டூ-வேயில் இருப்பவன் அந்த ஒரு அணிக்குக் கட்டுப்பட்டவன். சாதாரண ஜி லீக் ஒப்பந்தத்தில் இருப்பவனை எந்த என்பிஏ அணியும் கூப்பிட்டுக்கொள்ளலாம், ஜனவரி முதல் வாரத்துக்குப் பிறகு பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று திறக்கும், மற்ற அணிகளில் யாருக்காவது காயம் என்றால் இவனுக்குப் போன் வரும். பணம் குறைவு, கதவுகள் அதிகம். எது நல்லது என்பது அந்தந்தப் பையனின் ஆட்டத்தைப் பொறுத்தது, ஏஜெண்ட் சொன்னார் என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் கருத்து.

கேள்வி: சம்பளம் எப்படி? – வாசகர், மதுரை

பதில்: குறைவு. 2018-19 சீசனில்தான் அடிப்படைச் சம்பளத்தை 35,000 டாலராக உயர்த்தினார்கள், அப்புறமும் பெரிதாக ஏறவில்லை. தங்குமிடமும் மருத்துவக் காப்பீடும் தருகிறார்கள் என்பது உண்மைதான். டூ-வேயில் இருந்தால் ஐந்து லட்சம் டாலருக்கு மேல், அதாவது ஒரே பேருந்தில் போய் ஒரே ஆட்டத்தில் இறங்கும் இரண்டு பேருக்கு நடுவில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. அதனால்தான் நிறையப் பேர் ஐரோப்பாவுக்கோ சீனாவுக்கோ விமானம் ஏறுகிறார்கள். 2021-லிருந்து கல்லூரி ஆட்டக்காரர்களும் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று ஆனபின் நிலைமை தலைகீழ், பிரபலமான மாணவர்கள் பலருக்கு ஜி லீக்கைவிடக் கல்லூரியிலேயே வருமானம் அதிகம். கல்லூரிக்குப் பதிலாக நேரடியாக இங்கே வாருங்கள் என்று பள்ளி முடித்த பையன்களுக்காக 2020-ல் தொடங்கிய இக்னைட் அணியை 2024-ல் மூடிவிட்டார்கள். ஜேலன் கிரீன், ஸ்கூட் ஹெண்டர்சன் எல்லாம் அங்கிருந்து என்பிஏ-வுக்கு வந்தவர்கள்.

கேள்வி: இந்த வழியில் வந்தவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? – வாசகர், ஈரோடு

பதில்: அலெக்ஸ் காரூசோ, யோசிக்கவே வேண்டாம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் நான்கு வருடம், 2016 டிராஃப்டில் பெயர் இல்லை. ஓக்லஹோமா சிட்டியின் கிளை அணியில் ஒரு சீசன், அடுத்து லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் டூ-வே. 2020-ல் லேக்கர்ஸோடு சாம்பியன், 2025-ல் ஓக்லஹோமா சிட்டியோடு மறுபடி சாம்பியன். ஜி லீக் பையன்களிடம் உள்ள சிக்கலை அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார்: அங்கே காலியாக இருப்பது சாதாரண வேலை, இவர்கள் கம்பெனித் தலைவர் பதவிக்கு இன்டர்வியூ கொடுப்பதுபோல ஆடுகிறார்கள் என்ற பொருளில். கல்லூரியில் பந்து எப்போதும் அவர்கள் கையில்தான் இருந்திருக்கும். என்பிஏ-வில் அந்த வேலைக்கு லெப்ரான் ஜேம்ஸ் மாதிரி நட்சத்திரங்கள் இருக்கிறார்கள். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனைத் தடுக்க, சரியான இடத்தில் நிற்க, தரையில் விழுந்து பந்தை எடுக்க ஆள் வேண்டும், காரூசோ அதைக் கற்றுக்கொண்டு வந்தார்.

டங்கன் ராபின்சன் இன்னொரு உதாரணம். விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் டிவிஷனில் வில்லியம்ஸ் கல்லூரி, பிறகு மிச்சிகன், 2018-ல் டிராஃப்டில் பெயர் இல்லை, மயாமியில் டூ-வே, அதன் சூ ஃபால்ஸ் கிளையில் ஆட்டம். அவரிடம் இருந்தது தூரத்திலிருந்து பந்து போடும் கை ஒன்றுதான், அதையே தீட்டினார். அடுத்த சீசனில் மயாமிக்காக 270 மூன்று புள்ளி ஷாட்டுகள், 2021-ல் ஐந்து வருடத்துக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம்.

ஆண்ட்ரே இங்ரமையும் சொல்லாமல் விட மனமில்லை. இயற்பியல் படித்தவர், 2007-ல் கல்லூரி முடித்து, பத்து சீசன் இந்தச் சின்ன லீக்கிலேயே ஆடினார், கையில் காசு போதாமல் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். 2018 ஏப்ரலில் லேக்கர்ஸ் கூப்பிட்டபோது வயது 32, தலையில் நரை. முதல் ஆட்டத்திலேயே 19 புள்ளி! அவர் என்பிஏ-வில் ஆடியது மிகச் சில ஆட்டங்கள்தான், அதனால் என்ன, அன்றைக்கு அரங்கமே அவருக்காக எழுந்து கத்தியது.

கேள்வி: ஏஜெண்டும் இல்லை, சம்மர் லீக்கும் இல்லை என்றால்? – வாசகர், சேலம்

பதில்: ஜி லீக் அணிகள் ஆள் எடுக்க நடத்தும் திறந்த ஆட்டத் தேர்வு உண்டு, கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் போகலாம். ஜோனதன் சிம்மன்ஸ் 2013-ல் 150 டாலர் கட்டி ஆஸ்டின் அணியின் தேர்வுக்குப் போனவர், 2015-ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸில் இருந்தார். ஆனால் இப்படி வந்து மேலே போனவர்கள் மிகக் குறைவு, இதை நம்பி யாரும் கையில் இருக்கும் வேலையை விட வேண்டாம்.

கேள்வி: நம் ஊர்க்காரர்கள் யாராவது? – வாசகி, சென்னை

பதில்: இந்தியாவிலிருந்து பஞ்சாபின் சத்னம் சிங், 2015 டிராஃப்டில் டல்லஸ் அணி 52-வதாக எடுத்தது, டிராஃப்ட் ஆன முதல் இந்தியர் அவரே. கல்லூரி வழி வந்தவர் அல்ல. டெக்சாஸ் லெஜண்ட்ஸ் கிளையில் ஆடினார், என்பிஏ களத்தில் இறங்க வாய்ப்பு வரவில்லை. அம்ஜியோத் சிங் ஓக்லஹோமா சிட்டி கிளையில் ஆடியிருக்கிறார். கனடாவில் பிறந்த இந்திய வம்சாவளி சிம் புல்லர், நியூ மெக்சிகோ ஸ்டேட் கல்லூரி, பிறகு ரீனோ கிளை என்று வந்து 2015 ஏப்ரலில் என்பிஏ-வில் சேக்ரமெண்டோவுக்கு ஆடினார். எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டிலிருந்து இன்னும் ஒருவர்கூடப் போகவில்லை, நம் பையன்களும் பெண்களும் தேசிய அளவில் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது.