ஆபரேஷன் பண்ணலன்னா கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல

லெட்டர்ல நிறைய கேட்டிருக்கீங்க, ஆனா எல்லாத்துக்கும் அடியில இருக்கறது ஒரே பயம்தான். அப்பாவுக்கு 62 வயசு, நுரையீரல்ல ஸ்மால் செல் கேன்சர், ஆரம்ப கட்டம்னு சொல்லிட்டு ஆபரேஷன் மட்டும் வேணாங்கறாங்க, அப்போ முடிஞ்சுபோச்சுன்னு சொல்லாம சொல்றாங்களா? இல்லம்மா. குணப்படுத்தணும்னு நினைச்சுதான் கத்தியைத் தொடாம இருக்காங்க.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நுரையீரல்ல பாதியை எடுத்தாங்க, நல்லா இருக்காருன்னு எழுதியிருக்கீங்க, அவருக்கு வந்தது வேற வகையா இருக்கும். ஸ்மால் செல் ரொம்ப வேகமா ஓடற வியாதி, ஸ்கேன்ல ஒரே இடத்துல தெரிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாத செல்லுங்க அதுக்குள்ள ரத்தத்துல கிளம்பியிருக்கும், கட்டியை மட்டும் வெட்டி எடுத்து என்ன பிரயோஜனம்? பிரிட்டன்ல 144 பேரை ரெண்டா பிரிச்சு, பாதிப்பேருக்கு ஆபரேஷன், பாதிப்பேருக்கு ரேடியேஷன்னு பார்த்தாங்க. 1973ல பத்து வருஷக் கணக்கு வந்தப்போ ரேடியேஷன் பக்கம் 3 பேர் உயிரோட இருந்தாங்க, ஆபரேஷன் பக்கம் ஒருத்தர்கூட இல்ல. ரெண்டுமே மோசமான ரிசல்ட்தான், நல்ல கீமோ வராத காலம் அது. ஆனா ஆபரேஷன் மேல இருந்த மோகம் அதோட போச்சு. இன்னிக்கும் நெறிக்கட்டு எதுவும் இல்லாத சின்னக் கட்டின்னா ஆபரேஷன் பண்ணி அப்புறம் கீமோ கொடுக்கறதுண்டு, 20 பேர்ல ஒருத்தருக்கு அமையலாம். அப்பா ரிப்போர்ட்ல நெஞ்சு நடுவுல நெறிக்கட்டு இருக்குன்னு எழுதியிருக்கு, அதனால அந்தப் பேச்சு வேணாம்.

அவருக்குச் சொல்லியிருக்கறது லிமிட்டட் ஸ்டேஜ், அதாவது வியாதி நெஞ்சோட ஒரு பக்கத்துல, ஒரே ரேடியேஷன் வளையத்துக்குள்ள அடங்கற அளவுல இருக்கு. மூணுல ஒருத்தர்தான் இந்த நிலையில எங்ககிட்ட வர்றாங்க, மத்தவங்களுக்கு அதுக்குள்ள ஈரல், எலும்பு, மூளைன்னு போயிருக்கும். இதுக்கு சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடுன்னு ரெண்டு கீமோ மருந்து 3 வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் 4 சைக்கிள், அதோட சேர்த்தே ரேடியேஷன், முதல் ரெண்டு சைக்கிளுக்குள்ள ஆரம்பிச்சிடணும், கீமோ எல்லாம் முடியட்டும் அப்புறம் கரண்ட் வைப்போம்னு தள்ளிப்போடறது சரியில்ல. ரேடியேஷனை ஒரு நாளைக்கு ரெண்டு வேளையா 3 வாரம் கொடுக்கலாம், ஒரு வேளையா ஆறரை வாரமும் கொடுக்கலாம். 2017ல வந்த ஐரோப்பா ட்ரையல்ல ரெண்டுலயும் அஞ்சு வருஷம் கழிச்சு ஏறக்குறைய மூணுல ஒருத்தர் உயிரோட இருந்தாங்க. உங்களுக்குப் போய்வர எது தோதோ, உங்க சென்டர்ல எது முடியுமோ அதை எடுத்துக்கோங்க.

இப்போ, அஞ்சு வருஷம் தாண்டறவங்க நூத்துக்கு ஏழு பேர்தான்னு நீங்க நெட்ல பார்த்தது. அது எல்லா ஸ்டேஜையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கின கணக்கு, உங்க அப்பாவோட கணக்கு இல்ல, ராத்திரி ஒரு மணிக்கு கூகுள் பண்றதை முதல்ல நிறுத்துங்க. 2024ல இன்னொரு நல்ல விஷயமும் வந்திருக்கு. கீமோவும் ரேடியேஷனும் முடிஞ்சு வியாதி அடங்கி இருக்கறவங்களுக்கு துர்வாலுமாப்னு ஒரு இம்யூனோதெரபி ஊசி, அதாவது உடம்போட எதிர்ப்புச் சக்தியையே கேன்சர் மேல திருப்பிவிடற மருந்து, ரெண்டு வருஷம் வரைக்கும் கொடுத்துப் பார்த்தாங்க, மூணு வருஷம் தாண்டினவங்க ஊசி போடாதவங்கள்ல நூத்துக்கு 48, போட்டவங்கள்ல 57. எல்லாருக்கும் கேட்கும்னு சொல்ல மாட்டேன், விலையும் லட்சக்கணக்குல. நிலத்தை விக்கறதுக்கு முன்னாடி கம்பெனியோட உதவித் திட்டம் இருக்கா, காப்பீட்டுல எவ்வளவு வரும்னு ஆஸ்பத்திரியில கேளுங்க. கீமோவும் ரேடியேஷனும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயே வரும்.

மத்த கேள்விங்க. ரேடியேஷன் எடுத்துட்டு வந்து பேரனைத் தூக்கிக் கொஞ்சலாம், உடம்புல கதிர் எதுவும் தங்காது. முடி கொட்டும், வளரும். கட்டியில துளி சதை எடுத்து பயாப்சி பண்ணதால வியாதி பரவலை. சர்க்கரையை நிறுத்தினா கட்டி பட்டினி கிடக்காது, அப்பாதான் கிடப்பாரு. ரேடியேஷன் நடக்கறப்போ முழுங்கறதுக்கு எரியும், மருந்து கொடுப்பாங்க, முடிஞ்சு சில வாரத்துல அடங்கிடும். உங்க சித்தப்பா சொல்ற முள்சீத்தா கஷாயத்தை ரெண்டு மாசம் பார்த்துட்டு வரலாமான்னு கேட்டிருக்கீங்களே, அதுக்கு எனக்குக் கோபம்தான் வருது. இந்த வியாதிக்கு ரெண்டு மாசம்ங்கறது லிமிட்டட் ஸ்டேஜ் கைவிட்டுப் போற நேரம், அப்புறம் நான் மேல சொன்ன கணக்கு எதுவும் அவருக்குப் பொருந்தாது.

நீங்க கேட்காத ஒண்ணைத்தான் நான் முக்கியமா சொல்லணும். காய்ச்சல். கீமோ போட்ட 7வது நாள்ல இருந்து 14வது நாள் வரைக்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிடும், அந்த நேரத்துல கிருமி உள்ள வந்தா சளி கட்டாது, சீழ் பிடிக்காது, சண்டை போட ஆளே இல்லாதப்போ வேற அறிகுறி எங்கிருந்து வரும், சூடு மட்டும்தான் தெரியும். சிலருக்குக் குளிர் நடுக்கம் மட்டும் வரும், அதையும் காய்ச்சலாவே எடுத்துக்கணும். வீட்டுல ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வைங்க. 100.4 காட்டினா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கிளம்பணும், போன உடனே கேஷுவால்டியில முதல் வார்த்தையா கீமோ பேஷன்ட்னு சொல்லணும், ஒரு மணி நேரத்துக்குள்ள நரம்புல ஆன்டிபயாட்டிக் ஏறணும். நம்ம வீடுங்கள்ல நடக்கறது என்னன்னா டோலோ 650 ஒண்ணு போட்டுப் படுக்க வைக்கறது, சூடு இறங்கிடும், எல்லாரும் தூங்கிடுவாங்க, காலைல பிபி இல்லாமத் தூக்கிட்டு வருவாங்க. கேன்சர் அடங்கிட்டு வர்றப்போ இப்படிப் போனவங்களைப் பார்த்திருக்கேன். தெரு முனை மெடிக்கல்ல மாத்திரை கேட்கறது, பக்கத்து கிளினிக்ல ஊசி போட்டுட்டு வர்றது ரெண்டும் கூடாது.

இதுக்காகத்தான் இன்னொண்ணையும் சொல்றேன். அப்பாகிட்ட நெஞ்சுல சளிக்கட்டின்னு சொல்லி வச்சிருக்கறதா எழுதியிருக்கீங்க. சளின்னு நம்பற மனுஷன் காய்ச்சல் வந்தா உங்களை எழுப்ப மாட்டாரு, ஒளிச்சு வச்சிருக்கற பீடியையும் விட மாட்டாரு, ரேடியேஷன் நடக்கறப்போ பீடி பிடிச்சா பலன் குறையும். திங்கட்கிழமை முதல் கீமோன்னா அதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. வாய் வரலன்னா டாக்டர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் அவரையே சொல்லச் சொல்லுங்க, நாங்க தினமும் செய்யற வேலைதான் அது.