இருந்தால், இருந்தால்தான்

அன்புள்ள ரீச்சர்,

எனக்கு விசுவமடு. வயது 22. உயர்தரம் கலைப்பிரிவில் எடுத்தேன், வெட்டுப்புள்ளி கொஞ்சத்தால் தவறிவிட்டது. கொழும்புச் சட்டக்கல்லூரி நுழைவுத் தேர்வை ஒருமுறை எழுதினேன். மொழித்தாள் சுகமாக இருந்தது. நுண்ணறிவுக் கேள்விகளில் விழுந்துவிட்டேன், அதிலும் காரணம் தந்து முடிவைக் கேட்பவற்றில். ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள், அங்கே சட்டம் படிக்கப் போகிறவர்கள் எழுதுகிற எல்சற் (LSAT) பரீட்சைக்குப் படிக்கிறாள். தன்னுடைய பயிற்சிக் கேள்விகளை அனுப்பியிருக்கிறாள். தான் ஒரு நாளைக்கு 100 செய்வதாகச் சொல்கிறாள். நான் எத்தனை செய்ய வேண்டும்? பந்தியை முதலில் வாசிப்பதா, கேள்வியையா? விடியப்புறம் படிப்பதா, இரவிலா? இதற்கு இங்கே ரியூசனும் இல்லை. எனக்கு லொஜிக் மூளை இல்லையென்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. செய்து பார்த்த ஒரு தாளைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

பிள்ளை,

உமது கடிதம் வந்த கிழமை நான் அம்மாவின் பழைய பையைப் பிரித்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் இருந்த ஒரு கடதாசித் துண்டு என்னை வேறு வேலை செய்யவிடாமல் வைத்திருந்தது. அந்த நேரத்தில் உமது தாளின் படம் வந்தது. இல்லாவிட்டால் இவ்வளவு கெதியில் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். வீட்டில் சத்தம் எப்போது அடங்குகிறதோ அப்போது படியும். பந்திக்கு முன் கேள்வியின் ஒரு வரியை வாசியும், என்ன தேடுகிறோம் என்று தெரிந்து தேடுவது நல்லது. மச்சாளைப் பார்த்து ஓட வேண்டாம். அவளுக்கு 35 நிமிடத்தில் ஏறத்தாழ 25 கேள்விகள், அப்படி இரண்டு பகுதிகள். யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்று அடுக்கிப் பார்க்கிற புதிர்களை அங்கே 2024 ஆகஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆனபடியால் அவள் வாதங்களையே அரைத்துக்கொண்டிருப்பது சரி. பிழைக்குப் புள்ளி வெட்டுவதும் அங்கே இல்லை, ஒன்றையும் வெறுமையாக விடத் தேவையில்லை. உமது தேர்வு வேறு. உமக்கு வழிகாட்டி பழைய வினாத்தாள்களும் முதல் பக்கத்து அறிவுறுத்தலும்.

இனி ஏச வேண்டியதை ஏசிவிடுகிறேன். ‘லொஜிக் மூளை இல்லை’ என்று இன்னொரு முறை எழுதாதேயும். இருபது வருடத்துக்கு மேல் உயர்தரப் பிள்ளைகளுக்கு அளவையியல் படிப்பித்தவள் சொல்கிறேன், அப்படி ஒரு மூளையை நான் கண்டதில்லை. நிதானமாக வாசிக்கிற பிள்ளையையும், பாய்ந்து வாசிக்கிற பிள்ளையையும் கண்டிருக்கிறேன். வீட்டில் சொல்கிறவர்கள் உமது தாளைப் பார்த்தார்களா? நான் பார்த்தேன், பெரிதாக்கிப் பார்த்தேன். 14 ஆவது கேள்வியில் முதலில் சரியான விடைக்குத்தான் கோடு போட்டிருக்கிறீர். பிறகு கடதாசி மெலியும்வரை அழிரப்பரால் தேய்த்து, பக்கத்து விடைக்கு மாற்றியிருக்கிறீர். 19 இலும் அதே தேய்ப்பு. மூளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, உமக்குத்தான் அதில் நம்பிக்கை வரவில்லை. நம்பிக்கை ஏன் வரவில்லை? காரணத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காததால்.

அந்த 14 ஐ எங்கள் ஊர்க் கதையாக மாற்றிச் சொல்கிறேன். மழை பெய்தால் வயல் நனையும். வயல் நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது. சரியா? பிழை என்று விசுவமடுவில் எந்தக் கமக்காரனும் சொல்லுவான், குளத்துத் துருசு (மதகு) திறந்திருக்கலாம். சரி, மழை பெய்யவில்லை, ஆகவே வயல் நனையவில்லை என்றால்? அதுவும் பிழை, அதே துருசுதான் காரணம். வயல் காய்ந்து கிடக்கிறது, ஆகவே மழை பெய்யவில்லை என்பது மட்டும் நிற்கும். உமது தாளில் பிழைத்த ஒன்பதில் ஐந்து, துருசை மறந்த பிழை.

இனி அந்தத் துண்டு.

எங்களுக்கு முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் இருந்தது. பேர்மிற் காணி. உறுதிக் காணி வேறு, பேர்மிற் காணி வேறு என்பது வன்னிப் பிள்ளை உமக்குத் தெரிந்திருக்கும்: 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணியில் இருந்து பயிர் செய்யத் தருகிற அனுமதி. ஐயாவின் பெயரில் அது இருந்தது. 2009 இல், யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், ஐயா மாத்தளனில் செத்துப்போனார். பேர்மிற் இருந்த தகரப்பெட்டியும் அங்கேயே நின்றுவிட்டது. முகாமிலிருந்து திரும்பிய பிறகு, 2010 இல், அம்மாவை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோபக்காரர் இல்லை. தண்ணீர்ப் போத்தலை எங்கள் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத்தான் சொன்னார்.

“அம்மா, பேர்மிற் இருந்தால் காணி உங்கட எண்டு எழுதலாம். உங்களிட்டப் பேர்மிற் இல்லை. அப்ப காணி உங்கட இல்லை.”

நான் பேசாமல் நின்றேன். அளவையியல் ரீச்சர். கரும்பலகையில் எத்தனை வருடம் எழுதிய போலி அது, முன்னடையை மறுக்கிற போலி: மழை பெய்யவில்லை, ஆகவே வயல் நனையவில்லை என்கிற அதே பிழை. கண் முன்னால், வாய் வைத்துப் பேசிக்கொண்டு வந்தபோது எனக்கு அது அடையாளம் தெரியவில்லை. அம்மா ஐந்தாம் வகுப்பு. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டா:

“தம்பி, மரணச் சான்றிதழ் இருந்தால் ஒராள் செத்தது சரி. என்ர மனுசனுக்கு இன்னும் ஒருத்தரும் சான்றிதழ் தரேல்லை. அப்ப அவர் சாகேல்லையோ?”

அவர் பேனையை மூடி வைத்தார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு, வேறு என்ன கைவசம் இருக்கிறது என்று கேட்டார். அப்போதுதான் அம்மா அந்தத் துண்டை எடுத்தா, ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டு. நாலாக மடித்து, ஒரு பழைய பாடசாலைக் கொப்பியின் மட்டைக்குள் செருகி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிந்திருக்கிறா. மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து போய்விட்டது. ஐயாவின் பெயரும் ஏக்கர்க் கணக்கும் மட்டும் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பழைய இடாப்பைத் தேடி, அயல் கமக்காரரின் சத்தியக்கடதாசி கொடுத்து, மூன்றாவது வருடம்தான் காணி திரும்பியது.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவர் ஒரு ‘தான்’ கூட்டிக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். ‘பேர்மிற் இருந்தால் காணி உங்கட.’ இதில் வேறு வழி ஒன்றும் அடைபடவில்லை. ‘பேர்மிற் இருந்தால்தான் காணி உங்கட.’ இப்போது எல்லாக் கதவும் பூட்டு. விதியில் இருந்தது முதலாவது. அவர் மனதுக்குள் ஓடியது இரண்டாவது. இந்த ஒரு சொல்லுக்குள் உமது பாடத்தில் பாதி அடங்கிவிடும். ‘இருந்தால்’ என்றால் அது போதும். ‘இருந்தால்தான்’ என்றால் அது வேண்டும். போதும் என்பதையும் வேண்டும் என்பதையும் குழப்பிக்கொள்கிற இடத்தில்தான் கேள்வி போடுகிறவர்கள் ஆட்களை விழுத்துகிறார்கள், ரொறன்ரோவிலும் கொழும்பிலும். ஆங்கிலத்தில் அதற்கென்று விதி பாடமாக்குகிறார்கள். நமக்கு அது நாக்கிலேயே இருக்கிறது. ‘நீ வந்தால் நான் வருவன்’, ‘நீ வந்தால்தான் நான் வருவன்’ இரண்டையும் ஆறு வயதுப் பிள்ளை கூடக் குழப்பாது. ஆனபடியால் மச்சாளின் ஆங்கிலக் கேள்விகளை முதலில் பேச்சுத் தமிழில் உமக்கு நீரே சொல்லும். ‘தான்’ எங்கே விழுகிறது என்று பாரும். பிறகு விடையைத் தேடும்.

சொல்லப்படாத எடுகோளைக் கண்டுபிடிக்கச் சொல்கிற கேள்விக்கும் அம்மாவின் மேசைதான் உதாரணம். அவர் சொல்லாமல் விட்டது என்ன? ‘பேர்மிற்றைத் தவிர வேறு சான்று இல்லை.’ அதை மறுத்துப் பாரும்: வேறு சான்று உண்டு. வாதம் சரிந்துவிடுகிறது அல்லவா? மறுத்தவுடன் எது வாதத்தைச் சரிக்கிறதோ அதுதான் விடை. மறுத்தும் வாதம் அசையாமல் நின்றால் அந்த விடையை வெட்டும். அம்மா செய்தது இன்னொரு வகை. அதே எலும்புக்கூட்டை வேறு உடம்பில் காட்டினா. ‘பின்வருவனவற்றுள் மேலுள்ள வாதத்தை ஒத்த வாதம் எது’ என்று மச்சாளின் தாளில் வருமே, அதுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று நினைத்துப் பயப்படுகிற பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். மணிமேகலையின் 29 ஆவது காதையை எடுத்துப் பாரும். காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது முழுக்க இதுதான். மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. உடனே மறுபக்கமும் வருகிறது: நெருப்பு இல்லாததில் புகை இல்லை, நீரைப் போல. பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிழைகளுக்குத் தனியாகப் பெயரும் இருக்கிறது.

நம் மொழியில் வழுக்குகிற இடமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ‘எல்லா மாணவர்களும் சித்தியடையவில்லை’ என்று தாளில் வந்தால் என்ன பொருள்? ஒருவரும் சித்தியில்லையா, சிலர் மட்டும் தவறினார்களா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நின்று, ஒருவராவது சித்தியடைந்திருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளும். பந்தியின் மிச்சம் வழிகாட்டும்.

சட்டம் படிக்கப் போகிறவர் என்பதால் இன்னொன்று. தனியாரின் காணியைப் பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் ஆண்டவர் உரிமை கோரலாம் என்பது 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். யுத்த நிலைமையால் தன் காணியைக் கேட்டு வர முடியாமல் போனவருக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை எண்ணக்கூடாது என்று 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ‘சட்டம் வந்திட்டுது, காணி திரும்பக் கிடைக்கும்’ என்று பேசிக்கொண்டவர்களை நான் தேநீர்க்கடையில் கேட்டிருக்கிறேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு கணக்கை நிறுத்துகிறது, மிச்சத்தை நீர் நிரூபிக்க வேண்டும். இதை அந்தக் கடையில் இருந்து பொறுமையாக விளக்குகிற ஓர் ஆள் நம் பக்கத்துக்கு வேண்டும். அதற்காகத்தான் உம்மை இப்படி ஏசுகிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டிருந்தீர். ஆறு. முதல் மாதம் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் முடிவு எது, காரணம் எது என்று கொப்பியில் ஒவ்வொரு வரி எழுதும். விடைகளைப் பார்க்க முதல் உமது சொந்த விடையைச் சொல்லும். பிழைத்தால், அந்தப் பிழையான விடை உமக்கு ஏன் சரியாகப் பட்டது என்று எழுதும், சரியான விடை ஏன் சரி என்பதை விட அதுதான் முக்கியம். அந்தக் காரணங்கள் திரும்பத் திரும்ப வரும், நாலைந்துக்கு மேல் இருக்காது. இரண்டாம் மாதம் மணிக்கூட்டை எடும். அடுத்த மாசி முடிய அந்தக் கொப்பியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பும். பேனையால் எழுதும், அழிரப்பர் வேண்டாம்.

அன்புடன்,
ரீச்சர்