கடலடிச் சேற்றில் ஒரு வெப்பமானி

கேள்வி: லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் நீர் எத்தனை டிகிரி வெப்பத்தில் இருந்தது என்று விஞ்ஞானிகள் எழுதுகிறார்களே, வெப்பமானியே இல்லாத காலத்தை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: கடலடிச் சேற்றில் கலந்துள்ள ஒரு வகைக் கொழுப்புப் பொருள்தான் அந்த வெப்பமானி. கடல் மேற்பரப்பில் மிதந்து வாழும் எமிலியானியா ஹக்ஸ்லியி என்ற ஒற்றைச் செல் பாசி, மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கே உள்ள தன் உடலை வட்டமான சுண்ணாம்புத் தகடுகளால் போர்த்திக்கொண்டு, உள்ளே 37 கார்பன் அணுக்கள் கொண்ட ஆல்கீனோன் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைத் தயாரிக்கிறது. நீர் குளிர்ந்திருந்தால் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உள்ளவையும், வெதுவெதுப்பாக இருந்தால் இரண்டு மட்டுமே உள்ளவையும் மிகுதியாக உருவாகின்றன. பாசி மடிந்து, அதன் சுண்ணாம்பே கரைந்துபோன இடங்களிலும் இந்த மூலக்கூறுகள் லட்சக்கணக்கான ஆண்டுகள் தங்கிவிடுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இந்த இரு வகை மூலக்கூறுகளின் விகிதத்தைப் பழைய தட்பவெப்பத்தின் பதிவாகப் படிக்க முடியும் என்பதை, பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெஃப்ரி எக்லின்டன், சைமன் பிரசல் ஆகியோரும் அவர்களுடைய சகாக்களும் 1986-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். அட்லாண்டிக் கடலடிப் படிவில் அவர்கள் கண்ட விகிதம், பனியுகங்கள் வந்து போனதற்கேற்ப ஏறி இறங்கியது. உலர்ந்த சேற்றைக் கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்த சாற்றை கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் செலுத்தினால், வரைபடத்தில் வகைக்கு ஒன்றாக அருகருகே இரண்டு முகடுகள் எழும்; அவற்றின் பரப்பை ஒப்பிட்டு வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸுக்கு மேல் மூன்று பிணைப்பு வகை அநேகமாக மறைந்துவிடுவதால், மேற்குப் பசிபிக் போன்ற வெப்பக் கடல்களில் இம்முறை தடுமாறுகிறது. அங்கே நுண்ணுயிர் ஓடுகளிலுள்ள மக்னீசியத்தை அளக்கும் முறையே கைகொடுக்கிறது.