பங்களாதேஷ், வியட்நாம்: தைக்கிறவர் கையில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?

கேள்வி: பங்களாதேஷ், வியட்நாம் இரண்டு நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளிலும் சம்பளமும் வேலை நேரமும் எப்படி? திருப்பூரில் தையல் தெரிந்தவர்கள் அங்கே வேலைக்குப் போகலாமா?

சம்பளம் வியட்நாமில் அதிகம். வேலை நேரம் பங்களாதேஷில் அதிகம். ஆனால் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் விஷயம் பிடிபடாது. சம்பளத்தை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் ஒரு பெண் மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்புவாளா, இரவு எட்டு மணிவரை மெஷினில் இருப்பாளா என்பதைத் தீர்மானிக்கிறது.

நான் திருப்பூரில் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) வேலையில் ஆரம்பித்தவன். தையல் லைனில் ஒவ்வொரு ஆப்பரேஷனுக்கும், அதாவது ஒவ்வொரு வேலைப்படிக்கும், ஸ்டாப்வாட்ச் பிடித்து டார்கெட் போடுகிற வேலை. பிறகு சில வருடம் பங்களாதேஷின் காஜிபூரில் இருந்தேன், அப்புறம் வியட்நாமில், ஹோ சி மின் நகரத்தை ஒட்டி அப்போது தனி மாகாணமாக இருந்த பின் டுவாங்கில். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இரண்டு நாட்டிலும் ஒன்றுதான்: நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. பங்களாதேஷில் வெள்ளிக்கிழமை விடுமுறை, வியட்நாமில் ஞாயிறு.

இப்போது பங்களாதேஷ் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பரில் ஆடைத் தொழிலுக்கு நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 12,500 டக்கா. கடைசி கிரேடில் இருப்பவருக்கு இது. இந்த 12,500 ஒரே தொகையாக நிற்பதில்லை. அடிப்படைச் சம்பளம் 6,700, வீட்டு வாடகை 3,350, மருத்துவம் 750, பயணம் 450, சாப்பாடு 1,250 என்று ஐந்து வரியாகப் பிரிகிறது.

இதில் எதற்காக இவ்வளவு பிரிவு என்று ஆரம்பத்தில் எனக்கும் தெரியாது. ஓவர்டைம் கணக்குப் போடும்போதுதான் தெரியவரும். ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்கிறது 2006ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரட்டிப்பாவது அடிப்படைச் சம்பளம் மட்டும். வாடகையும் சாப்பாட்டுப் படியும் அந்தக் கணக்கில் வராது. மாதத்துக்கு 208 மணி நேரம் என்று வைத்து 6,700ஐ வகுத்தால் மணிக்கு 32 டக்கா சொச்சம். அதை இரட்டித்தால் 64. மொத்தச் சம்பளம் 12,500ஐ அதே 208ஆல் வகுத்துப் பாருங்கள்: சாதாரண மணி நேரத்துக்கே 60 டக்கா வருகிறது. ஆக, எட்டு மணி நேரம் நின்று களைத்த பிறகு செய்கிற ஒன்பதாவது மணி நேரத்துக்கு அந்தப் பெண்ணுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 4 டக்கா.

வியட்நாமில் ஓவர்டைம் ஒன்றரை மடங்குதான். ஆனால் அந்த வேலைக்கு வாங்குகிற மணிநேரச் சம்பளத்தின் மேல் அந்த ஒன்றரை வருகிறது. வார விடுமுறையில் வேலை செய்தால் இரண்டு மடங்கு, அரசு விடுமுறையில் மூன்று மடங்கு. அந்த நாட்டை நான்கு மண்டலமாகப் பிரித்துக் குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கிறார்கள். பெரிய நகரங்களும் தொழிற்பேட்டைகளும் அடங்கிய முதல் மண்டலத்தில் 2024 ஜூலையிலிருந்து 2025 முடிவு வரை மாதம் 49.6 லட்சம் டாங், மணிக்கு 23,800 என்று இருந்தது. அதன்படி ஓவர்டைம் மணிக்கு 35,700.

2024 நடுவில் இருந்த மாற்று விகிதத்தில் நம் ரூபாய்க்குக் கொண்டுவந்தால், பங்களாதேஷில் மாதம் சுமார் 8,900 ரூபாய், வியட்நாமில் சுமார் 16,300. மணிக்கு 43 ரூபாய்க்கு எதிரே 78. ஓவர்டைம் மணிக்கு 46 ரூபாய்க்கு எதிரே 117. சாதாரணச் சம்பளத்தில் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிற இடைவெளி, ஓவர்டைமில் இரண்டரை மடங்காகிவிடுகிறது.

முதலாளி பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். ஆர்டர் கூடுகிறது. காஜிபூரில் புதிதாக ஒரு ஆளைச் சேர்த்தால் அவருக்கு மெஷின் வேண்டும், லீவு வேண்டும், இரண்டு பெருநாள் போனஸ் வேண்டும். இருக்கிறவரையே இன்னும் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் சாதாரண நேரத்துக்கு ஆகிற செலவை ஒட்டித்தான் ஆகும். அதனால் லைன் ஓடுகிறது. பின் டுவாங்கில் ஒன்பதாவது மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு விலை ஆகிவிடுகிறது என்பதால், பிளானிங் கூட்டத்தில் முதல் கேள்வியே ‘ஓவர்டைம் இல்லாமல் முடிக்க வழி உண்டா’ என்பதாக இருக்கும். லைன் லேஅவுட்டை மாற்றலாமா, துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டர் ஒன்றை மெஷினில் போட்டு ஆப்பரேஷனைச் சுருக்கலாமா என்றெல்லாம் யோசிப்பார்கள். என் வேலைக்கு அங்கே இருந்த மதிப்பு காஜிபூரில் இல்லாததற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

உச்சவரம்பிலும் வித்தியாசம் உண்டு. பங்களாதேஷ் சட்டப்படி ஓவர்டைமோடு சேர்த்து வாரம் 60 மணி நேரம் வரை போகலாம், வருடச் சராசரி 56ஐத் தாண்டக்கூடாது. அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய 400 மணி நேர ஓவர்டைமுக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. வியட்நாமில் பொதுவாக 200, ஆடைத் தொழில் போன்றவற்றுக்கு 300. மாதத்துக்கு 40 என்று இருந்த வரம்பை 2022 ஏப்ரலில் 60 ஆக்கினார்கள். ஷிப்மெண்ட் நெருக்கும் மாதங்களில் இந்த எண்களை மீறுவது இரண்டு நாட்டிலும் நடப்பதுதான்.

ஓவர்டைமைத் தொழிலாளர்களே விரும்புகிறார்களே என்று பலர் கேட்பார்கள். விரும்புகிறார்கள், உண்மை. காஜிபூரில் வேலை கேட்டு வருகிறவர்கள் சம்பளத்தோடு சேர்த்து ‘ஓ.டி. உண்டா’ என்றுதான் கேட்பார்கள். பின் டுவாங்கிலும் ஓவர்டைம் இல்லாத கம்பெனியை விட்டு ஆட்கள் போவதைப் பார்த்திருக்கிறேன். 12,500 டக்காவில் தகரக் கூரை அறைக்கு வாடகை கொடுத்து, ஊரில் பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கும் பணம் அனுப்ப வேண்டுமென்றால், அந்த இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க முடியாது. அதை விருப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சம்பளத்தை எப்போது திருத்துகிறார்கள் என்பது இன்னொரு பெரிய விஷயம். பங்களாதேஷில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் 2013, 2018, 2023 என்று திருத்தினார்கள். 2018இல் முடிவான 8,000 டக்கா அப்போதைய மதிப்பில் 95 டாலர். 2023 முடிவில் அதே 8,000 டக்காவின் மதிப்பு 73 டாலருக்கு இறங்கிவிட்டது. விலைவாசியோ ஏறிக்கொண்டே போனது. அதனால்தான் அந்த வருடம் 23,000 டக்கா கேட்டு ஆஷுலியாவிலும் காஜிபூரிலும் தெருவில் இறங்கினார்கள். சில தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கிடைத்தது 12,500. வருடாந்திர உயர்வு 5 சதவீதமாக இருந்ததை 2024 டிசம்பரில் 9 சதவீதமாக்கினார்கள்.

வியட்நாமில் அரசு, தொழிற்சங்கக் கூட்டமைப்பு, முதலாளிகள் மூன்று தரப்பும் உட்காரும் தேசியச் சம்பளக் குழு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய வருடா வருடம் பேசுவார்கள். 2024இல் 6 சதவீதம் ஏறியது, 2026 ஜனவரியில் முதல் மண்டலத்துக்கு 53.1 லட்சம் டாங் ஆனது. ஆனால் அங்கே ஒரே ஒரு கூட்டமைப்புதான், அது ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் கீழ் இருப்பது. சம்பளம் ஏறுவதற்கு இந்தப் பேச்சைவிடப் பெரிய காரணம் ஆள் பற்றாக்குறை. பக் நிங்கில் 2009இல் சாம்சங் ஆலை வந்த பிறகு வடக்கே எலக்ட்ரானிக்ஸ் வேலை பெருகியது. தையல் பிடிக்காவிட்டால் ஒரு பெண் அந்தப் பக்கம் போய்விடலாம். பங்களாதேஷின் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடையிலிருந்துதான் வருகிறது. கிராமத்திலிருந்து வந்த பெண்ணுக்குத் தையல் ஆலையை விட்டால் வீட்டு வேலை, வயல் வேலை.

வியட்நாம் சம்பளம் முழுதாகக் கைக்கு வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சமூகக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு மூன்றுக்கும் சேர்த்து தொழிலாளி பங்கு 10.5 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளி அதற்கு மேல் 21.5 சதவீதம் கட்டுகிறார். அந்தப் பணத்திலிருந்துதான் ஆறு மாத மகப்பேறு விடுப்புக்குச் சம்பளம் வருகிறது. பங்களாதேஷின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது 112 நாள் விடுப்பு, அதற்கான பணத்தை முதலாளியே தன் பையிலிருந்து கொடுக்க வேண்டும். இதன் விளைவு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் வேலை செய்த ஓர் ஆலையில் வயிறு தெரிய ஆரம்பித்த பெண்கள் ஒவ்வொருவராகத் தாங்களாகவே வேலையை விட்டார்கள். அந்த நிலையில் தாக்குப்பிடிக்கவே முடியாத வேலைக்கு மாற்றிவிட்டால் வேறு என்ன செய்வார்கள்?

‘பங்களாதேஷ் ஆட்களுக்கு வேகம் குறைவு, அதனால்தான் குறைந்த சம்பளம்’ என்று நம் ஊரிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். இது தவறு. ஒரே டி-ஷர்ட், ஒரே ஓவர்லாக் மெஷின், ஒரே பீஸ் ஓட்டம் இருந்தால் காஜிபூர் ஆப்பரேட்டருக்கும் பின் டுவாங் ஆப்பரேட்டருக்கும் என் வாட்சில் பெரிய வித்தியாசம் வந்ததில்லை. வித்தியாசம் வந்தது கட்டிங் தாமதமாகி லைன் காலியாக நின்றபோது, மெக்கானிக் வராதபோது, ஒரு நாளில் மூன்று ஸ்டைல் மாற்றியபோது. அதற்கெல்லாம் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் பொறுப்பல்ல.

திருப்பூரிலிருந்து போகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். டெய்லராகப் போக முடியாது. இரண்டு நாட்டிலும் வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி கொடுப்பது மேலாளர், தொழில்நுட்பம் தெரிந்தவர் போன்ற பதவிகளுக்குத்தான். புரொடக்‌ஷன், ஐ.இ., குவாலிட்டி, மெர்ச்சண்டைசிங் அனுபவம் இருந்தால் வழி உண்டு. தையல் தெரிந்தவர் முதலில் இங்கேயே சூப்பர்வைசராகி, ஐ.இ. அல்லது குவாலிட்டி பக்கம் ஒரு டிப்ளமோ முடித்துக்கொண்டு முயற்சி செய்யலாம். யாராவது ‘டெய்லர் வேலை, வியட்நாம், விசிட் விசாவில் போய்விடலாம்’ என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.